புழுக் குத்திய கத்தரிக்காயும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தையிலும் மருதனார்மடத்திலும் கத்தரிக்காய் வாங்கும் பலருக்கு ஒரு கணக்கு உண்டு. குவியலில் ஒன்றிரண்டு காய்களில் புழுத் துளை தெரிந்தால் அந்தக் குவியலை நம்பி வாங்கலாம். மருந்து அடித்திருந்தால் புழு எப்படிப் பிழைத்திருக்கும்? கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. சேதன முறையில் விளைந்தது என்று சொல்லி விற்கும் காய்க்குக் கூடுதல் விலை கொடுக்க வசதியில்லாத வீட்டுக்கு இது செலவில்லாத சோதனையும்கூட. ஆனால் அந்தப் புழுவின் வாழ்க்கையைப் பார்த்தால் கணக்குத் தலைகீழாகிவிடும். கத்தரிக் குருத்திலும் இலையிலும் ஓர் அந்துப்பூச்சி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு சில மணி நேரத்துக்குள் இளங்குருத்துக்குள்ளோ, காயின் காம்புத் தொப்பியின் கீழாகக் காய்க்குள்ளோ புகுந்து, வந்த வழியைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்கிறது. அதன் பிறகு அதற்கு வேண்டிய எல்லாம் உள்ளே இருக்கிறது. வெளியே விசிறும் மருந்து பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. முற்றிய பிறகு, கூட்டுப்புழுவாக மாறுவதற்காக, காயைக் குடைந்துகொண்டு வெளியேறுகிறது. நாம் காணும் பெரிய துளை அது வெளியேறிய வழி. அடித்த மருந்து புழுவைச் சேராததால்தான் தோட்டக்காரர் மறுபடியும் மறுபடியும் அடிக்க வேண்டி வருகிறது. தெற்காசியாவில் மிக அதிக தடவை மருந்து விசிறப்படும் காய்கறிகளில் கத்தரி ஒன்று என்பதற்கு இந்தப் புழுவே காரணம். ஆகவே துளை விழுந்த காய் மருந்து படாத காயாகவும் இருக்கலாம், தோட்டத்திலேயே அதிகம் மருந்து பட்ட காயாகவும் இருக்கலாம். துளையை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

அப்படியானால் எதை வைத்து அறிவது? கையில் உள்ள காசுக்கு வாரத்தில் இரண்டொரு காய்கறியை மட்டுமே கூடிய விலைக்கு வாங்க முடியும் என்றால் எவற்றைத் தெரிவது? தோற்றத்தைவிட, விற்பவரின் சத்தியத்தைவிட உறுதியான வழிகாட்டி ஒன்று இருக்கிறது: அந்தப் பயிரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பறிக்கிறார்கள் என்பது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் இலையிலும் காயிலும் தங்கிவிடும் பீடைநாசினி எச்சத்தின் அளவைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பயிரில் விழுந்த மருந்து அப்படியே இருப்பதில்லை. வெயில் அதைச் சிதைக்கிறது, மழை கழுவுகிறது, ஒரு பகுதி ஆவியாகிறது, செடியின் நொதியங்கள் உடைக்கின்றன, காய் பருக்கப் பருக்கச் செறிவும் குறைகிறது. இவை எல்லாம் சேர்ந்து எச்சத்தைப் பாதியாக்க எடுக்கும் காலத்தை அரைவாழ்வுக் காலம் என்பார்கள். உலகெங்கும் வெளியான அளவீடுகளைத் திரட்டி 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பயிர்களில் பீடைநாசினிகளின் அரைவாழ்வுக் காலம் மிகப் பெரும்பாலும் அரை நாளுக்குச் சற்று மேலிருந்து 29 நாட்கள் வரை விரிகிறது என்று கண்டது. மூன்று நாள் அரைவாழ்வு உள்ள ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் பாதி, ஆறாம் நாள் கால், பன்னிரண்டாம் நாள் பதினாறில் ஒன்று. மருந்துப் போத்தலின் சிட்டையில் கடைசி விசிறலுக்கும் அறுவடைக்கும் இடையே இத்தனை நாள் விட வேண்டும் என்று எழுதியிருப்பது இந்தத் தேய்வை எதிர்பார்த்துத்தான். இந்த இடைவெளியைக் காத்திருப்புக் காலம் என்று சொல்லலாம். இப்போது வெண்டியைப் பாருங்கள். ஒரு நாள் பிந்தினால் முற்றிவிடும், அதனால் ஒன்றைவிட்ட நாள் பறித்தே ஆகவேண்டும். பயற்றங்காய், பாகல், புடோல், கத்தரி, பச்சை மிளகாய் எல்லாம் வாரக்கணக்கில் தொடர்ந்து பறிக்கப்படுபவை. பறிப்பு நடந்துகொண்டிருக்கும்போது பூச்சி விழுந்தால் கமக்காரர் என்ன செய்வார்? ஏழு நாள் காத்திருப்புள்ள மருந்தை அடித்தால் மூன்று பறிப்பை எறிய வேண்டும். அந்த நட்டத்தை எல்லோரும் தாங்குவார்கள் என்று எதிர்பார்ப்பது வாழ்க்கை தெரியாத பேச்சு. வெங்காயத்துக்கும் மரவள்ளிக்கும் பூசணிக்கும் இந்த நெருக்கடி இல்லை. ஒரே தடவை அறுவடை. கடைசி விசிறலுக்கும் பிடுங்கலுக்கும் இடையில் இயல்பாகவே நாட்கள் போய்விடும். ஒரே கமக்காரர், ஒரே நேர்மை, ஒரே தோட்டம் என்றாலும் அவருடைய வெண்டியில் எச்சம் அதிகமாகவும் வெங்காயத்தில் குறைவாகவும் இருப்பதற்கு இந்த நாட்கணக்கே போதும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது மேற்பரப்பு. ஒரு கிலோ பூசணியின் வெளிப்பரப்பையும் ஒரு கிலோ கறிவேப்பிலையின் வெளிப்பரப்பையும் ஒப்பிட்டால் போதும்; பூசணியின் தோலைச் சீவி எறிகிறோம், இலைக்குச் சீவ எதுவும் இல்லை. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வுகூடம் பல ஆண்டுகளாகச் சந்தையில் காய்கறி வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. அந்தப் பட்டியல்களில் கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி இலை போன்றவை திரும்பத் திரும்ப முன்னுக்கு நிற்பதும், கிழங்கு வகைகள் பின்னுக்கு நிற்பதும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? காய்கறியை அரைத்து, கரைப்பான் சேர்த்துக் குலுக்கி, எண்ணெய்ப் பொருளையும் நிறத்தையும் அவற்றைப் பற்றிக்கொள்ளும் தூள்களால் நீக்கி, மிஞ்சும் தெளிந்த கரைசலைத் திணிவு நிறமாலைமானி என்ற கருவிக்குள் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு மூலக்கூறும் உடையும்போது வரும் துண்டுகளின் நிறையை வைத்து அது எந்த மருந்து என்பதைக் கருவி சொல்கிறது. 2003 இல் வெளியான 'கெச்சர்ஸ்' என்ற பிரித்தெடுப்பு முறை இந்த வேலையை மலிவாகவும் விரைவாகவும் ஆக்கியது. ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடலாம். ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம் இருந்தாலும் அகப்பட்டுவிடும். அதாவது 100 தொன் காய்கறியில் ஒரு கிராம். இவ்வளவு நுட்பமான கருவியை வைத்துக்கொண்டு தேடினால் ஏதோ ஒன்று அகப்படவே செய்யும் என்பதை மறக்கக் கூடாது. பத்திரிகைத் தலைப்பில் வரும் "விசம் கண்டுபிடிப்பு" என்பதற்கும் உடலுக்குத் தீங்கு என்பதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. ஒரு மருந்தின் எந்த அளவு விலங்குகளில் ஒரு தீங்கையும் காட்டவில்லையோ அந்த அளவை, விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்தாலும், மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்காக இன்னொரு பத்தாலும் வகுத்து, வாழ்நாள் முழுவதும் நாளாந்தம் உட்கொள்ளத் தகும் அளவு என்று வைக்கிறார்கள். சந்தைக் காய்க்கு விதிக்கப்படும் உச்ச எச்ச எல்லை வேறொன்று. மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்தினால் எவ்வளவு மிஞ்சும் என்பதை வயற்பரிசோதனையில் பார்த்து அதை நிர்ணயிக்கிறார்கள். எல்லை மீறிய காய் என்பது முதலில் தோட்டத்தில் ஏதோ பிழையாக நடந்திருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. சாப்பிட்டவர் நஞ்சுண்டார் என்பதற்கு அல்ல.

அமெரிக்காவில் ஒரு தன்னார்வ அமைப்பு ஆண்டுதோறும் "அழுக்கான பன்னிரண்டு" என்று ஒரு காய்கனிப் பட்டியல் வெளியிடுகிறது. சிக்கனமாகச் சேதன உணவு வாங்குவது பற்றிய ஆலோசனைகள் உலகெங்கும் அந்தப் பட்டியலைத்தான் பிரதி செய்கின்றன. 2011 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் வின்ரர், ஜோஷ் காட்ஸ் இருவரும் அதைச் சரிபார்த்தபோது, பட்டியலில் உள்ள பொருள்கள் மூலம் உடலுக்குள் போகும் அளவுகள் பாதுகாப்பு அளவை விட மிக மிகக் கீழே இருப்பதைக் காட்டினார்கள். அந்தத் தரவு அமெரிக்காவினது. அங்குள்ள கண்காணிப்பும் அங்குள்ளதுதான். ஆனாலும் தர்க்கம் நமக்கும் பொருந்தும்: பட்டியலில் முதலிடம் என்பது தரவரிசை, தீங்கின் அளவல்ல. ஸ்ட்ரோபெரி பற்றி அந்தப் பட்டியல் தரும் எச்சரிக்கையை யாழ்ப்பாணத்தில் ஒட்டிவைத்துப் பயனும் இல்லை.

பிறகு ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். கொடுத்தால் எச்சம் குறைகிறது என்பது மட்டும் உறுதி. அமெரிக்காவின் சியாற்றில் பகுதியில் 23 பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் சேதன உணவு கொடுத்துச் சிறுநீரைச் சோதித்த ஆய்வு 2006 இல் வெளிவந்தது. மலத்தியோன், குளோபைரிபொஸ் ஆகிய மருந்துகளின் சிதைபொருள்கள் உடனேயே அளக்க முடியாத மட்டத்துக்கு விழுந்தன. பழைய உணவுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறின. ஆனால் அந்தக் குறைவால் பிள்ளைகளின் உடல்நலம் எவ்வளவு மேம்படும் என்பதைச் சில நாள் ஆய்வு சொல்ல முடியாது. 2012 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் செய்த பெருந்தொகுப்பும் இதே இடத்தில்தான் நின்றது: எச்சம் குறைவு, ஊட்டத்தில் உறுதியான வேறுபாடு இல்லை. இரண்டு ஆண்டு கழித்து நியூகாசிலில் இருந்து வந்த இன்னொரு தொகுப்பு, சேதன விளைபொருளில் ஒட்சியேற்ற எதிர்ப்பொருள்கள் கூடுதல், கட்மியம் குறைவு என்றது. சண்டை முடியவில்லை. எனவே கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டில், வசதிக்குட்பட்டு எச்சத்தைக் குறைப்பது நியாயமான முன்னெச்சரிக்கை. அதற்காகக் காய்கறியின் அளவைக் குறைப்பது அநியாயமான முன்னெச்சரிக்கை. விலை கூடிய வெண்டி அரைக் கிலோவுக்காகச் சாதாரண வெண்டி ஒரு கிலோவை விட்டுவிடும் குடும்பம் நட்டப்படுகிறது. காய்கறி நிறைய உண்பதன் நன்மைக்கான சான்று, எச்சத்தின் தீமைக்கான சான்றைவிடப் பன்மடங்கு வலியது.

கழுவினால் போகாதா என்பது அடுத்த கேள்வி. பாதி போகும். கனெக்டிகட் மாநில விவசாய ஆய்வு நிலையம் 2000 ஆம் ஆண்டில் 12 மருந்துகளைச் சோதித்ததில், ஓடும் நீரில் கழுவியதால் ஒன்பதின் எச்சம் குறைந்தது. மருந்து நீரில் கரைவதா இல்லையா என்பது பெரிதாகப் பொருட்படவில்லை, நீரோட்டமும் தேய்ப்புமே வேலை செய்தன என்பது அந்த ஆய்வின் சுவையான முடிவு. 2017 இல் மசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்பிள்களை அப்பச்சோடாக் கரைசலில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஊறவைத்தபோது மேற்பரப்பு எச்சம் பெருமளவு நீங்கியது. ஆனால் தோலைத் தாண்டி உள்ளே இறங்கிய பகுதியை அசைக்க முடியவில்லை. செடியின் சாற்றோடு ஓடும்படி செய்யப்பட்ட மருந்துகள் இருக்கின்றன; இமிடாகுளோபிரிட் அந்த வகை. சாறு உறிஞ்சும் பூச்சியைக் கொல்ல அது செடிக்குள்ளே இருந்தாக வேண்டும், எனவே கழுவுவது அதைத் தொடாது. அதற்கு நாட்கள்தான் மருந்து. மறுபடியும் பறிப்பு இடைவெளிக்கே வந்து சேர்கிறோம்.

இவற்றை யாழ்ப்பாணத்துச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் பட்டியல் தானாக எழுகிறது. பனங்கிழங்குக்கும் ஒடியலுக்கும் யாரும் மருந்து அடிப்பதில்லை. வேலியோரத்து முருங்கை, அகத்தி, முசுட்டை, தூதுவளை, வளவில் நிற்கும் பலா, தேங்காய் இவற்றுக்கும் பெரும்பாலும் அப்படியே. இவற்றின் மேல் சேதனம் என்று எழுதிக் கூடுதல் விலை கேட்டால் கொடுப்பவர் சிட்டைக்கே காசு கொடுக்கிறார். இராசவள்ளி, மரவள்ளி, பூசணி, வெங்காயம், உரித்துண்ணும் வாழைப்பழம் ஆகியவற்றைச் சாதாரணமாகவே வாங்கலாம். மிச்சம் பிடித்த காசைத் தொடர்ந்து பறிக்கும் காய்களுக்கும், சமைக்காமல் சம்பலாக உண்ணும் வல்லாரைக்கும், முளைக்கீரைக்கும் செலவிடலாம். கறிவேப்பிலையையும் பச்சை மிளகாயையும் வாங்கவே தேவையில்லை; கிணற்றடி நீர் ஓடும் இடத்தில் ஒரு கன்றும் நான்கு செடியும் ஒரு வீட்டுக்குப் போதும். பட்டியலில் மிக மோசமான பொருளே வளர்க்க மிக எளிய பொருளாகவும் இருப்பது அபூர்வமான அதிர்ஷ்டம். விற்பவரிடம் "மருந்து அடித்ததா" என்று கேட்பதைவிடக் "கடைசியாக எப்போது அடித்தது" என்று கேட்பது பயனுள்ளது. முதல் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் பெற்ற தோட்டத்தில் மருந்துக்கு அனுமதி உண்டு, ஆனால் அடித்த நாளும் காத்திருப்பும் பதிவேட்டில் இருக்க வேண்டும். முழுச் சேதனச் சான்றிதழின் விலையைத் தாங்க முடியாதவருக்கு அது ஒரு நல்ல இடைவழி.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை ஒழுங்காக முடிந்துவிடும், ஆனால் உண்மையில் பாதிதான் சொன்னதாகும். வெங்காயத்தைச் சாதாரணமாகவே வாங்கலாம் என்றது வாயைப் பற்றிய கணக்கு. குடிநீர் வேறு கணக்குச் சொல்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மாரி, மெல்லிய செம்மண் போர்வையைக் கடந்து, மயோசின் காலச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இந்த அமைப்பின் ஒரு திறந்த சாளரம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை என்று மாறி மாறிப் பயிரிட்டு, யூரியா போட்டு, அதே கிணற்றில் இறைத்து ஊற்றுகிறோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். மண்ணில் அது முதலில் அமோனியமாகிறது. அமோனியத்துக்கு நேரேற்றம் இருப்பதால் களித்துணிக்கைகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். சில கிழமைகளில் பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றிவிடுகின்றன. நைத்திரேற்றுக்கு மறையேற்றம்; மண் பிடிக்காது. தேத்தண்ணி வடியில் தூள் நிற்கும், சாயம் இறங்கிவிடும். செம்மண் செய்வதும் அதுதான். பயிர் உறிஞ்சாத நைத்திரேற்று மழையோடும் இறைப்போடும் கிணற்றுக்குப் போகிறது.

இது ஊகம் அல்ல. 1983 இல் மகேஸ்வரனும் மகாலிங்கமும் குடாநாட்டுக் கிணற்று நீரிலும் மண்ணிலும் நைத்திரேற்றை அளந்து வெளியிட்டார்கள். அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் தோட்டச் செறிவு கூடிய பகுதிகளில் பல கிணறுகள் குடிநீர் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதைக் காட்டின. தோட்டம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது: கிணற்றுக்குப் பக்கத்தில் தோண்டிய மலசலக் குழிகளும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, மாப்பால் குடிக்கும் குழந்தைக்கு இதில் ஆபத்து அதிகம். அதன் வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதியின் ஒட்சிசன் சுமக்கும் திறனைக் குலைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யும். 1945 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்ரர் கொம்லி என்ற மருத்துவர் இதைத் தோட்டக் கிணறுகளோடு முதன்முதலாகப் பொருத்திக் காட்டினார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். எச்சக் கதையில் அளவுகள் பெரும்பாலும் எல்லைக்குள்ளே நிற்கின்றன. கிணற்றுக் கதையில் எல்லை உண்மையாகவே உடைந்திருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீடு சேதனக் காய்கறிக்கு முதல் ரூபாயைச் செலவிடுவதற்கு முன் கிணற்று நீரைச் சோதிப்பதில் செலவிட வேண்டும் என்பது என் முடிவு.

சேதனத்துக்கு மாறினால் கிணறும் தெளிந்துவிடுமே என்று சேதன அன்பர்கள் சொல்லலாம். தானாகத் தெளியாது. மாட்டெருவின் நைதரசனும் ஆட்டுப்புழுக்கையின் நைதரசனும் கடைசியில் அதே நைத்திரேற்றாகத்தான் மாறுகின்றன. மாரிக்கு முன் வெறுந்தறையில் எருவைக் குவித்தால் அதுவும் கிணற்றுக்கே போகும். வேறுபாடு வேகத்திலும் செறிவிலும் இருக்கிறது. பூவரசங்குழையையும் கிளிசரியாவையும் தாழ்த்தும்போது நைதரசன் மெதுவாக விடுபடுகிறது, பயிருக்கு உறிஞ்ச அவகாசம் கிடைக்கிறது. ஆனால் அந்த மெதுவுக்கு ஒரு விலை உண்டு என்பதை இலங்கை 2021 இல் பார்த்தது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிக்கும் வந்த இறக்குமதித் தடை, மாற்று நைதரசன் எங்கிருந்து வரும் என்ற கணக்கே இல்லாமல் வந்தது. நவம்பரில் அதை நீக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல் பெரிதும் விழுந்தது. ஏழு மாதத்தில் சேதன விவசாயத்துக்கு வந்த கெட்ட பெயர் எந்த மருந்துக் கம்பெனியாலும் வாங்கித் தர முடியாதது.

தடைக்கும் தாராளத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, அது தோட்டக்காரரின் காசைப் பற்றியது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள நீரில் சுமார் 11 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது. ஒரு போகத்தில் அரை மீற்றர் ஆழத்துக்குச் சமமான நீரை ஒரு பரப்புக் காணிக்கு இறைத்தால், அந்த நீரோடு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நைதரசன் தறைக்கு வந்து சேர்கிறது. யூரியாவில் சொன்னால் மூன்று கிலோ. நூறு மில்லிகிராம் உள்ள கிணறானால் ஆறு கிலோ. முன்பு காசு கொடுத்து வாங்கிப் போட்ட யூரியாவின் மிச்சந்தான் அது. இறைப்பு நீரோடு திரும்பி வருகிறது, ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் அதைக் கழிக்காமல் முழு யூரியாவையும் மேலே போடுகிறார்கள். கிணற்றைச் சோதித்து அந்த அளவைக் கழித்துப் போடும் கமக்காரருக்குச் செலவு குறையும், அவருடைய வெங்காயத்துக்கு எந்தச் சிட்டையும் தேவையில்லை, சந்தையில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்க வேண்டிய தேவையும் இராது.